வாலஸ், டார்வின், பரிணாமம்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

டார்வினைப் பற்றிப் பேச்செடுத்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது இன்னொரு பெயரைச் சொல்லிவிடுவார்கள்: ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ். கூடவே "அவர் கண்டுபிடித்ததை டார்வின் திருடிக்கொண்டார், தெரியுமா?" என்பதும் வரும். வகுப்பிலும் டீக்கடையிலும் குடும்பக் குழுவிலும் எனக்கு வந்த கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். சிலவற்றுக்கு நீண்ட பதில், சிலவற்றுக்கு நாலு வரி.

யார் இந்த வாலஸ்?

1823 ஜனவரி 8-ஆம் தேதி வேல்ஸில், அஸ்க் என்ற சிற்றூரை ஒட்டிப் பிறந்தவர். அப்பா கையிலிருந்த காசையெல்லாம் தவறான முயற்சிகளில் தொலைத்தவர். அதனால் பையனின் பள்ளிப்படிப்பு 14 வயதோடு முடிந்தது. அண்ணன் வில்லியம் நில அளவையாளர். சங்கிலியும் கோலும் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஊர் ஊராக நடந்தார். வரைபடம் போடும் பழக்கமும், எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்கும் கண்ணும் அங்கே வந்தவை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

1844-இல் லெஸ்டர் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்த ஊரில் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற இளைஞர் பழக்கமானார். வண்டுப் பைத்தியம். ஊரைச் சுற்றி இத்தனை வகை வண்டுகள் இருக்கின்றனவா என்று வாலஸுக்கு ஆச்சரியம். அதே ஊர் நூலகத்தில்தான் மக்கள்தொகை பற்றி மால்தூஸ் எழுதிய நூலையும் படித்தார். நண்பர்கள் இருவரும் 1848-இல் அமேசானுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

காசில்லாதவர் எப்படி உலகம் சுற்றினார்?

வண்டு விற்று. விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்றைய இங்கிலாந்தில் பணக்காரர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வெளிநாட்டுப் பட்டாம்பூச்சி, வண்டு, பறவைத்தோல் என்றால் அடங்காத ஆசை. லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் இருந்தார். வாலஸ் பிடித்து அனுப்புவார், ஸ்டீவன்ஸ் விற்றுப் பணம் அனுப்புவார். டார்வின் மாதிரி அப்பாவின் சொத்தில் ஆராய்ச்சி செய்யும் வசதி இவருக்கு இல்லை.

இந்த வியாபாரத்துக்கு ஒரு நல்ல பக்கவிளைவு உண்டு. விற்பதற்கு ஒரே வகையில் நிறைய வேண்டும். ஒரே வகைப் பட்டாம்பூச்சியை ஐம்பது, அறுபது என்று பரப்பி வைத்துப் பார்க்கிறவருக்கு ஒன்று போல இன்னொன்று இல்லை என்பது தானாகக் கண்ணில் படும். பரிணாமத்துக்கு மூலப்பொருளே அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுதான்.

அமேசான் பயணத்தில் எல்லாம் எரிந்துபோனது உண்மையா?

உண்மை. தம்பி ஹெர்பர்ட்டை மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, 1852 ஜூலையில் ‘ஹெலன்’ என்ற கப்பலில் ஊர் திரும்பினார். ஆகஸ்ட் 6-ஆம் தேதி காலை, சாப்பாடு முடிந்து அறையில் உட்கார்ந்திருந்தபோது கேப்டன் வந்து, கப்பலில் தீப்பிடித்திருக்கிறது போலிருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். அவ்வளவு நிதானமாக! சரக்கில் எளிதில் பற்றிக்கொள்ளும் பிசின் எண்ணெய் இருந்தது. வாலஸ் ஒரு தகரப் பெட்டியில் பனை மரங்கள், மீன்கள் பற்றிய சில ஓவியங்களை மட்டும் அள்ளிக்கொண்டு, கயிற்றில் சறுக்கிப் படகில் இறங்கினார். கைத்தோல் உரிந்துபோனது. அவர் ஊருக்குக் கொண்டுபோன குரங்குகளும் கிளிகளும் எரியும் கப்பலின் முனைக்கு ஓடின. கயிறு அறுந்து கடலில் விழுந்த ஒரு கிளியை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

ஒழுகும் படகில் பத்து நாள். பிறகு வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டது. ஸ்டீவன்ஸ் முன்யோசனையாகச் சரக்குக்குக் காப்பீடு செய்து வைத்திருந்ததால் கொஞ்சம் பணமாவது வந்தது. இனி ஜென்மத்துக்கும் கடலில் கால் வைக்கமாட்டேன் என்று நடுக்கடலில் ஐம்பது தடவை சபதம் செய்ததாகத் தானே எழுதியிருக்கிறார். பிரசவ வைராக்கியம்! 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கிவிட்டார்.

சரி, இயற்கைத் தேர்வு என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஓர் உயிரினத்தில் எல்லாம் ஒன்றுபோல் பிறப்பதில்லை. பிறக்கிறதெல்லாம் பிழைப்பதும் இல்லை. எந்த வேறுபாடு பிழைக்கவும் குட்டி போடவும் உதவுகிறதோ, அது அடுத்த தலைமுறையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இதை ஆயிரக்கணக்கான தலைமுறைக்கு நீட்டினால் உயிரினமே மாறிப்போகும். அவ்வளவுதான்.

வாலஸ் 1858-இல் எழுதிய கட்டுரையில் பறவையை வைத்துக் கணக்குப் போடுகிறார். ஒரு ஜோடி வாழ்நாளில் நாலு முறை, முறைக்கு நாலே குஞ்சு பொரித்தாலும், சாவே இல்லை என்றால் 15 வருடத்தில் அந்த ஒரு ஜோடி கிட்டத்தட்ட ஒரு கோடியாகிவிடும். ஆனால் காட்டில் பறவைகளின் எண்ணிக்கை ஏறாமல் அப்படியே இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு வருடமும் எத்தனை சாகின்றன? எவை சாகின்றன? அந்த இரண்டாவது கேள்விதான் திறவுகோல்.

ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்ததால் கழுத்து நீளவில்லை என்பதையும் அதே கட்டுரையில் சொல்லிவிட்டார். கழுத்து கொஞ்சம் நீளமாகப் பிறந்தவற்றுக்குப் பஞ்ச காலத்தில் மேல் கிளைத் தழை எட்டியது, மற்றவை பட்டினியில் போயின. எட்டி எட்டித்தான் கழுத்து நீண்டது என்ற லமார்க்கின் படத்துக்குப் பக்கத்தில் நம் பாடப்புத்தகங்களில் வரும் அந்த மாற்று விளக்கம் இதுதான்.

காய்ச்சலில் படுத்திருந்தபோது தோன்றியது என்கிறார்களே?

ஆமாம். 1858 பிப்ரவரி. இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில் டெர்னாட்டேயில் வீடு எடுத்திருந்தார். பக்கத்தில் இருக்கும் பெரிய தீவான ஹல்மஹேராவில்தான் அப்போது இருந்தார் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல். வெயில் கொளுத்தும் ஊரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடக்கும்போது மால்தூஸ் நினைவுக்கு வந்தார்: பஞ்சம், நோய், போர் எல்லாம் மனிதர் பெருகாமல் தடுக்கின்றன. மிருகங்களுக்கும் அதேதானே? எல்லாம் சாகவில்லையே, சில பிழைக்கின்றனவே, ஏன்? காய்ச்சல் விட்டதும் இரண்டு மூன்று சாயங்காலங்களில் கட்டுரையை எழுதி முடித்துவிட்டார்.

ஆனால் காய்ச்சலில் திடீரென்று உதித்தது என்று மட்டும் சொன்னால் தவறு. மூன்று வருடம் முன்பே, 1855-இல், போர்னியோ தீவின் சரவாக்கில் மழைக்காலத்தில் முடங்கிக் கிடந்தபோது ஒரு கட்டுரை எழுதி அச்சிலும் வந்திருந்தது. ஒவ்வொரு உயிரினமும், அதற்கு நெருங்கிய இன்னொன்று முன்பே இருந்த இடத்திலும் காலத்திலும்தான் தோன்றியிருக்கிறது என்பது அதன் சாரம். ‘எப்படி’ என்பது மட்டும்தான் பாக்கி. அந்தப் பாக்கிதான் டெர்னாட்டேயில் தீர்ந்தது.

அப்படியானால் டார்வின் திருடினாரா, இல்லையா?

இல்லை. ஆனால் நடந்தது முழு நியாயம் என்றும் சொல்லமாட்டேன்.

டார்வின் 1842-இலேயே பென்சிலில் 35 பக்கக் குறிப்பு எழுதியிருந்தார். 1844-இல் அது 230 பக்கமானது. தான் செத்துப்போனால் இதை அச்சிட 400 பவுண்டு ஒதுக்கு என்று மனைவிக்குக் கடிதமும் எழுதி வைத்தார். 1855 கட்டுரையைப் படித்த நிலவியலாளர் சார்லஸ் லயல், சீக்கிரம் வெளியிடு, இல்லாவிட்டால் வேறொருவர் முந்திக்கொள்வார் என்று 1856-இல் டார்வினை எச்சரித்தார். அப்படியே நடந்தது. வாலஸ் தன் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பாமல் நேரே டார்வினுக்கு அனுப்பி, தேறும் என்று தோன்றினால் லயலுக்குக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார். 1858 ஜூன் 18-ஆம் தேதி டார்வின் அதை லயலுக்கு அனுப்பினார், தன் புதுமையெல்லாம் நொறுங்கிவிட்டது என்ற புலம்பலோடு.

லயலும் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரும் வழி கண்டுபிடித்தார்கள். ஜூலை 1-ஆம் தேதி லண்டனில் இயற்கை ஆய்வாளர்களின் லின்னேயன் சங்கத்தில் டார்வினின் பழைய எழுத்துகளிலிருந்து சில பகுதிகளையும் வாலஸ் கட்டுரையையும் சேர்த்து வாசிக்க வைத்தார்கள். டார்வின் பகுதி முதலில், வாலஸ் பகுதி கடைசியில். டார்வின் வரவில்லை: மூன்று நாள் முன்னால்தான் கைக்குழந்தை இறந்திருந்தது. வாலஸ் பல ஆயிரம் மைல் தள்ளி இருந்தார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. என் மனதில் உறுத்துவது இந்த ஒரு இடம்தான். கடிதம் போய்வர மாதக்கணக்கில் ஆகும் என்பது உண்மை. காத்திருக்க முடியாத அவசரம் யாருக்கு இருந்தது என்பதும் தெரிந்ததுதான்.

வாலஸ் என்ன நினைத்தார்? சந்தோஷப்பட்டார். பெரிய விஞ்ஞானிகள் தன்னை மதித்து எழுதியிருக்கிறார்கள் என்று அம்மாவுக்குப் பெருமையாகக் கடிதம் போட்டார். அந்தத் தத்துவத்தைப் பற்றி 1889-இல் எழுதிய நூலுக்கு ‘டார்வினியம்’ என்றே பெயர் வைத்தார். 1908-இல், வாசிப்பின் ஐம்பதாம் ஆண்டு விழாவில், 85 வயதில், புகழைப் பங்கு போட்டால் அவருக்கு இருபது வருடம், எனக்கு ஒரு வாரம் என்று சொன்னார். அவரே கேட்காத வழக்கை அவர் பெயரில் நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம். அதில் அவர் பெயர் வெறும் ‘ஏமாந்தவர்’ என்று சுருங்கிவிடுகிறது, அவர் உண்மையில் செய்தது மறைந்துவிடுகிறது.

ஒரு வேடிக்கை: கட்டுரைகள் வாசிக்கப்பட்ட அந்த 1858-ஆம் ஆண்டில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை என்று லின்னேயன் சங்கத் தலைவர் ஆண்டறிக்கையில் வருத்தப்பட்டிருக்கிறார்.

இருவர் சொன்னதும் ஒன்றேதானா?

பெரும்பகுதி ஒன்று. ஆனால் டார்வின் புறா வளர்ப்பவர்களிடமிருந்து தொடங்கினார்: மனிதன் தேர்ந்தெடுத்து வகை வகையாகப் புறா உண்டாக்க முடிந்தால் இயற்கையால் முடியாதா? வாலஸோ வீட்டு விலங்குகளை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, அவை காட்டில் ஒரு வாரம் தாங்காதவை என்கிற கட்சி. அவருக்கு எல்லாம் காடும் தீவும்தான்.

வாலஸ் கோடு என்பது என்ன?

எனக்குப் பிடித்த கேள்வி. இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

1856 ஜூனில் அவர் சுலவேசித் தீவின் மக்காசருக்குப் போக நினைத்தார். நேர் கப்பல் கிடைக்கவில்லை. சரி, பாலி வழியாகப் போவோம் என்று பாலியில் இறங்கி, அங்கிருந்து லொம்போக் தீவுக்குத் தாண்டினார். நடுவில் சுமார் 35 கிலோமீட்டர் கடல். ஒரு கரையிலிருந்து மறுகரை மலை தெரியும். பாலியில் குக்குறுவான், மரங்கொத்தி என்று ஆசியப் பறவைகள், நம் ஊர்த் தோப்பிலும் குரல் கேட்கும் அதே குடும்பங்கள். லொம்போக்கில் இறங்கினால் குக்குறுவான் இல்லை. வெள்ளைக் காக்கட்டூ கத்துகிறது. மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து, அந்தச் சூட்டிலேயே முட்டை பொரிய விட்டுவிடும் கோழி போன்ற பறவை திரிகிறது. இரண்டும் ஆஸ்திரேலியப் பக்கத்து ஆட்கள். வெயில் ஒன்று, மழை ஒன்று, மண் ஒன்று. உயிர்கள் மட்டும் வேறு.

அந்தந்தச் சூழலுக்கு ஏற்ற உயிர்கள் அங்கங்கே படைக்கப்பட்டன என்றால் இது எப்படி? சூழலைக் கேட்டால் பதில் வராது, வரலாற்றைக் கேட்கவேண்டும். வாலஸ் அதைத்தான் கேட்டார். பாலியும் ஜாவாவும் போர்னியோவும் ஒரு காலத்தில் ஆசியாவோடு ஒட்டிய நிலம், கிழக்கே இருப்பவை அப்படியில்லை என்றார். இன்று நமக்குக் காரணம் தெளிவாகத் தெரியும். பனியுகத்தில் கடல் சுமார் 120 மீட்டர் இறங்கியது. ஜாவாக் கடல் ஆழமில்லாதது, வற்றித் தரையானது. புலி நடந்தே பாலிவரை வந்தது. லொம்போக் நீரிணையோ அந்த இறக்கத்திலும் வற்றாத ஆழம். புலி அங்கே நின்றுவிட்டது.

பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே, பிறகு போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் நடுவே வடக்கே போகும் அந்த எல்லைக்கு 1868-இல் தாமஸ் ஹக்ஸ்லி வைத்த பெயர்தான் வாலஸ் கோடு. நில அளவைக்காரரின் கண் என்றேனே, இதுதான். அமேசானிலிருந்து வந்ததுமே குரங்குகளைப் பற்றிய கட்டுரையில், அருங்காட்சியகச் சீட்டுகளில் வெறும் ‘பிரேசில்’ என்று எழுதினால் யாருக்கு என்ன பயன், ஆற்றின் எந்தக் கரை என்று வேண்டாமா என்று கேட்டவர். கிழக்கிந்தியத் தீவுகளில் தன் மாதிரிகளுக்குச் சின்ன வட்டச் சீட்டு குத்தி, எந்தத் தீவு என்று எழுதினார். எட்டு வருடத்தில் சேர்ந்தது 1,25,660 மாதிரி. அதில் வண்டு மட்டும் 83,200. மற்றவர்கள் ‘என்ன’ என்று கேட்ட இடத்தில் அவர் ‘எங்கே’ என்று கேட்டார். என்னைக் கேட்டால் இயற்கைத் தேர்வைவிட இதுதான் அவருடைய சொந்தச் சொத்து, இதில் டார்வினுக்குப் பங்கில்லை.

‘வலியது பிழைக்கும்’ என்றுதானே பரிணாமம் சொல்கிறது?

இல்லை. தமிழில் ‘தக்கன பிழைக்கும்’ என்று யாரோ அழகாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். தக்கது என்றால் பொருந்துவது, பலசாலி அல்ல. பட்டினிக் காலத்தில் சின்ன உடம்பு தக்கதாக இருக்கலாம். அந்தத் தொடரின் ஆங்கில மூலம் ஹெர்பர்ட் ஸ்பென்சருடையது. அதைப் பயன்படுத்துங்கள் என்று 1866-இல் டார்வினைத் தூண்டியவர் வாலஸ். ‘தேர்வு’ என்று சொன்னால் யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதாக ஜனங்கள் நினைக்கிறார்கள் என்பது அவருடைய கவலை. தமிழில் அந்தச் சொல்லுக்குப் பரீட்சை என்றும் பொருள் இருப்பது தெரிந்திருந்தால் இன்னும் கவலைப்பட்டிருப்பார். சொல் என்று வரும்போது, இலங்கைப் பாடநூல்களில் பரிணாமத்துக்குக் ‘கூர்ப்பு’ என்பார்கள். இரண்டும் ஒன்றே.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் ஏன் இன்னும் குரங்கு இருக்கிறது?

சித்தப்பா பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அப்படித்தான். இன்றைய குரங்கு நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. இருவருக்கும் பொதுவான மூதாதை இப்போது இல்லை.

வண்ணப் புழுக்கள் பற்றி ஏதோ சொன்னாரே?

1867-இல் டார்வினுக்கு ஒரு சந்தேகம். ஆண் பறவையின் பளபளப்பு பெண்ணைக் கவர என்று விளக்கலாம். இன்னும் வளராத கம்பளிப்புழுவுக்கு எதற்கு இவ்வளவு வண்ணம்? பேட்ஸிடம் கேட்டார், வாலஸைக் கேள் என்றார் பேட்ஸ். வாலஸ் சொன்னது: அந்தப் புழு வாயில் வைக்க முடியாத கசப்பாக இருக்கும், வண்ணம் ‘என்னைத் தொடாதே’ என்கிற பலகை. பிறகு பறவைகளுக்குப் போட்டுப் பார்த்துச் சரிதான் என்று கண்டார்கள். நம் தெருவோர எருக்கஞ்செடி இலையைப் புரட்டினால் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளோடு ஒரு புழு ஒளியாமல் மறையாமல் மேய்ந்துகொண்டிருக்கும். எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் இருக்கிறது.

அவர் நிறைய விலங்குகளைக் கொன்றாரே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

கொன்றார். சரவாக்கில் பதினைந்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்களை அவர் பெற்றதும் பெரும்பாலும் துப்பாக்கியால்தான். ஒரு தாயைச் சுட்டபோது சேற்றில் முகம் புதைந்து ஒரு குட்டி கிடந்தது. தூக்கிக்கொண்டு நடந்தபோது அது அவர் தாடியை இறுகப் பிடித்துக்கொண்டதாம், விடுவிக்கவே பாடுபட்டிருக்கிறார். பால் கிடைக்காத ஊர். புட்டி மூடியில் இறகுக் குழாய் செருகிக் கஞ்சித்தண்ணீர் புகட்டினார். முடியைப் பிடித்துத் தொங்க ஏங்குகிறதே என்று எருமைத்தோலைச் சுருட்டி ஒரு பொய்த்தாய் செய்து தொங்கவிட்டார். குட்டி பால் குடிக்கப் பார்த்து வாயெல்லாம் மயிராகி மூச்சுத் திணறியது, எடுத்துவிட்டார். துணைக்கு ஒரு குட்டிக் குரங்கையும் கொண்டுவந்து விட்டார். மூன்று மாதம் ஆகும் தறுவாயில் காய்ச்சல் வந்து இறந்தது. பிறகு அதன் தோலையும் எலும்பையும் பதப்படுத்தியும் வைத்தார். பாசமும் வியாபாரமும் ஒரே ஆளிடம். இதைச் சமாதானப்படுத்த நான் முயலவில்லை, அவர் புத்தகத்தில் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

பூமி தட்டை என்றவரோடு பந்தயம் கட்டினாராமே?

அதைக் கேட்காதீர்கள்! 1870-இல் ஜான் ஹாம்ப்டன் என்பவர், பூமி உருண்டை என்று நிரூபித்தால் 500 பவுண்டு என்றார். வாலஸுக்கு எப்போதும் பணமுடை. இங்கிலாந்தில் ஆறு மைல் நேராக ஓடும் கால்வாய் ஒன்றில், இரு முனைப் பாலங்களிலும் நடுவிலும் நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் குறிகள் வைத்துத் தொலைநோக்கியில் பார்த்தார். நடுக்குறி சுமார் 5 அடி மேலே தெரிந்தது. வளைவு நிரூபணம். நடுவரும் ஒப்புக்கொண்டார். ஹாம்ப்டன் ஒப்பவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் வசைக் கடிதம், வழக்கு, வாலஸின் மனைவிக்கு மிரட்டல். அவதூறுக்காக ஹாம்ப்டன் சிறைக்கும் போனார். கடைசியில் பந்தயமே சட்டப்படி செல்லாது என்று பணத்தைத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

ஆவி உலகம், தடுப்பூசி எதிர்ப்பு என்றெல்லாம் போனாரா?

போனார். 1860-களில் ஆவிகளோடு பேசும் கூட்டங்களுக்குப் போய் நம்பவும் தொடங்கினார். மனித மூளையை இயற்கைத் தேர்வு மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது என்று 1869-இல் எழுதினார். நம் இருவரின் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள் என்று டார்வின் பதறினார். கட்டாய அம்மைத் தடுப்பூசியையும் எதிர்த்தார், அதில் அவர் தவறு. அப்படியும் 1881-இல் அவருக்கு வருடம் 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் கிடைக்க முன்னின்று அலைந்தவர் டார்வின்தான்.

தமிழர்களோடு ஏதாவது தொடர்பு உண்டா?

மெல்லிய தொடர்பு. தன் பயணநூலின் தொடக்கத்தில் சிங்கப்பூரை வர்ணிக்கும்போது ‘கிளிங்’ முஸ்லிம்களைச் சிறு வணிகர்கள், கடைக்காரர்கள் என்று குறிப்பிடுகிறார். தென்னிந்தியரை மலாய்க்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள், அவர்களில் தமிழர் ஏராளம்.

அவரோடு சுற்றிய அலி என்ன ஆனார்?

சரவாக்கில் 1855-இல் சமையலுக்குச் சேர்ந்த மலாய்ப் பையன். சுடவும் தோலுரிக்கவும் கற்றுக்கொண்டு வாலஸின் வலக்கையாகிவிட்டார். பச்சான் தீவில் ஒருநாள் இடுப்பில் பறவைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, "இதைப் பாருங்கள் ஐயா, என்ன விசித்திரமான பறவை!" என்றாராம். நெஞ்சில் பச்சைப் பளபளப்பு, ஒவ்வொரு தோளிலும் இரண்டு நீண்ட வெள்ளை இறகு. அதுவரை அறிவியல் அறியாத சொர்க்கப்பறவை. அதற்கு வாலஸ் பெயர் வைத்திருக்கிறார்கள், பிடித்தது அலி. 1862-இல் சிங்கப்பூரில் பிரியும்போது வாலஸ் அவரைப் புகைப்படம் எடுக்க வைத்து, துப்பாக்கிகளையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்தார். கிட்டத்தட்ட 45 வருடம் கழித்து தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க இயற்கையியலாளர் டெர்னாட்டேயில் நடந்துகொண்டிருந்தபோது, சுருக்கம் விழுந்த ஒரு கிழவர் வழிமறித்துத் தன்னை அறிமுகம் செய்துகொண்டார்: "நான் அலி வாலஸ்."